ஹிப்பாவும் மாநிலச் சட்டமும்: அமெரிக்காவில் உங்கள் மருத்துவப் பதிவுகளைக் காப்பது எது?

அமெரிக்காவில் ஒரு கிளினிக்கின் பதிவுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். வக்கீல் இல்லை. ஆனால் "அக்கா, ஹிப்பாதான் இருக்கே, அப்புறம் ஏன் தர மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டு வந்த நம் ஊர்க் குடும்பங்களுக்கு நின்று பதில் சொன்ன அனுபவம் நிறைய உண்டு. பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம் ஒன்றுதான். ஹிப்பா என்ற ஃபெடரல் (மத்திய அரசு) சட்டம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். பாதிக் கேள்விகளுக்குப் பதில் நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தின் சட்டத்தில்தான் இருக்கிறது. அடிக்கடி வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஹிப்பா என்பது என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1996 ஆகஸ்ட் 21 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட ஃபெடரல் சட்டம். முழுப் பெயர் Health Insurance Portability and Accountability Act, சுருக்கம் HIPAA. அதன் பெயரிலேயே தனியுரிமை என்ற சொல் கிடையாது. வேலை மாறும்போது இன்சூரன்ஸ் கைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும், மருத்துவ பில்கள் மின்னணு முறையில் ஒரே மாதிரியாகப் போக வேண்டும் என்பதற்காக வந்தது அது. எல்லாம் கணினிக்குப் போகிறதென்றால் அந்தரங்கம் என்னாவது என்ற கேள்வி எழுந்தபோது, நாடாளுமன்றம் தனக்குத்தானே மூன்று ஆண்டுக் கெடு வைத்துக்கொண்டது. அதற்குள் தனியாக ஒரு சட்டம் இயற்ற முடியாவிட்டால் சுகாதாரத் துறையே விதி எழுத வேண்டும் என்று ஏற்பாடு. 1999 ஆகஸ்டில் கெடு முடிந்தது, சட்டம் வரவில்லை. துறை எழுதிய தனியுரிமை விதி 2000 டிசம்பரில் வெளியாகி, 2002-இல் திருத்தப்பட்டு, 2003 ஏப்ரல் 14 முதல் பெரும்பாலான மருத்துவமனைகளையும் காப்பீட்டுத் திட்டங்களையும் கட்டுப்படுத்துகிறது.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹிப்பா வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மாநிலங்களில் மருத்துவ ரகசியச் சட்டங்கள் இருந்தன. அவற்றை அழித்துவிட்டுப் புதிதாக எழுத வாஷிங்டன் முயலவில்லை. அவற்றுக்குக் கீழே ஒரு தளம் மட்டும் போட்டுக் கொடுத்தது.

இரண்டும் மோதினால் எது வெல்லும்?

குறைந்தபட்சக் கூலியை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபெடரல் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். கலிஃபோர்னியா அதைவிட மிக அதிகமாக வைத்திருக்கிறது, அங்கே அதுதான் செல்லும். ஜார்ஜியாவின் மாநிலச் சட்டப் புத்தகத்தில் 5.15 என்று இருக்கிறது. ஆனால் ஃபெடரல் சட்டத்துக்குள் வரும் எந்தத் தொழிலாளிக்கும் 7.25-க்குக் குறைத்துக் கொடுக்க முடியாது. ஹிப்பாவும் ஏறக்குறைய இப்படித்தான். மாநிலச் சட்டம் நோயாளிக்கு அதிகப் பாதுகாப்புக் கொடுத்தால் மாநிலச் சட்டம் நிற்கும். குறைவாகக் கொடுத்து, ஹிப்பாவுக்கு முரணாகவும் இருந்தால் ஹிப்பா நிற்கும்.

"முரண்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் பின்பற்றவே முடியாது என்றாலோ, மாநிலச் சட்டம் ஹிப்பாவின் நோக்கத்துக்குக் குறுக்கே நின்றாலோதான் முரண். இரண்டையும் சேர்த்துப் பின்பற்ற முடிகிறதென்றால் போட்டியே இல்லை, இரண்டையும் பின்பற்ற வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது புரியவே நாளாயிற்று. ஹிப்பாவைத் துருவிப் பார்த்தால், அதில் "கொடுத்தே ஆக வேண்டும்" என்று இருப்பது இரண்டு இடங்களில்தான்: நோயாளி தன் பதிவைக் கேட்கும்போது, ஃபெடரல் சுகாதாரத் துறை விசாரணைக்குக் கேட்கும்போது. மற்றவை பெரும்பாலும் "கொடுக்கலாம்" வகை. "கொடுக்கலாம்" என்று வாஷிங்டன் சொல்லும் இடத்தில் "எங்கள் மாநிலத்தில் கொடுக்கக் கூடாது" என்று ஒரு மாநிலம் சொன்னால் அங்கே முரண் எதுவும் இல்லை. கொடுக்காமல் இருந்தாலே இரண்டு சட்டத்தையும் மதித்ததாகிவிடும். மாநிலச் சட்டங்களுக்கு இவ்வளவு பலம் வந்தது இந்த வழியாகத்தான்.

எந்தச் சட்டம் அதிகப் பாதுகாப்புத் தருகிறது, அதாவது எது "கடுமை" என்பதற்கு இரண்டு அளவுகோல். மூன்றாம் மனிதருக்குத் தகவல் போவதைப் பற்றியென்றால், போவதைக் குறைக்கும் சட்டம் கடுமையானது. நோயாளி தன் பதிவைத் தானே பார்ப்பதைப் பற்றியென்றால், சீக்கிரமாகவும் கூடுதலாகவும் காட்டச் சொல்லும் சட்டம் கடுமையானது. இரண்டிலும் நோயாளியின் பக்கம் நிற்பது எது என்று பார்த்தால் போதும்.

மாநிலச் சட்டம் தோற்ற வழக்கு ஏதாவது உண்டா?

உண்டு. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்தவரின் பதிவுகளை, அவர் இறந்த பிறகு துணைவரோ காப்பாளரோ கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்று ஃபுளோரிடாவில் ஒரு சட்டம் இருந்தது. துணைவர் என்பதாலேயே எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்க ஹிப்பா அனுமதிப்பதில்லை. 2013-இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று (11-ஆவது சர்க்யூட்) ஹிப்பாவின் பக்கம் தீர்ப்பளித்தது.

துணைவர் கேட்டும் கொடுக்கக் கூடாதா என்று நம்மவர்களுக்கு வலிக்கும். ஒருவர் இறந்து 50 ஆண்டுகள் வரை அவருடைய தகவலை ஹிப்பா காக்கிறது. அதுவரை அவர் இடத்தில் நின்று கேட்கக்கூடியவர் யார், வாரிசா, உயிலை நிறைவேற்றுபவரா என்பதைத் தீர்மானிப்பது மாநிலச் சட்டம். கடைசிக் காலத்தில் கூட இருந்து கவனித்த குடும்பத்தாரிடம், அந்தக் கவனிப்போடு தொடர்புள்ள அளவுக்கு மட்டும் தகவல் சொல்லலாம் என்று 2013-இல் ஃபெடரல் விதியிலேயே இடம் வைத்தார்கள்.

எந்தெந்த மாநிலங்கள் ஹிப்பாவைத் தாண்டிப் போயிருக்கின்றன?

ஏறக்குறைய எல்லா மாநிலமும் ஏதாவது ஒரு விஷயத்தில் தாண்டியிருக்கும். நம்மவர்கள் அதிகம் இருக்கும் சில இடங்களைச் சொல்கிறேன்.

டெக்சாஸ்: 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் வலையை அகலமாக விரிக்கிறது. ஹிப்பா பிடிப்பது மருத்துவர், மருத்துவமனை, காப்பீட்டுத் திட்டம், பில் பரிமாற்ற நிறுவனம், இவர்களுக்காக வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனம் ஆகியோரைத்தான். டெக்சாஸ் சட்டமோ நோயாளியின் தகவல் கைக்கு வந்த பலரையும் பிடிக்கிறது. ஊழியர்களுக்குப் பயிற்சியும் கட்டாயம்.

மின்னசோட்டா: ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்குச் சிகிச்சைக்காகப் பதிவு அனுப்ப ஹிப்பாவில் உங்கள் கையெழுத்து தேவையில்லை. மின்னசோட்டாவில் தேவை. அவசர நிலை, ஒரே நிறுவனக் குடும்பத்துக்குள் அனுப்புவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. வேறு மாநிலத்திலிருந்து அங்கே குடிபோனவர்கள் "இங்கே மட்டும் ஏன் இத்தனை ஃபாரம்?" என்று அலுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

கலிஃபோர்னியா: மருத்துவத் தகவல் ரகசியச் சட்டம் என்று தனிச் சட்டமே உண்டு. மருத்துவப் பதிவைச் சேமித்துக் காட்டும் சில செயலிகளைக்கூட மருத்துவரைப் போலவே பாவித்துக் கட்டுப்படுத்துகிறது.

நியூயார்க்: ஹெச்.ஐ.வி. பற்றிய தகவலுக்கு 1980களின் முடிவிலிருந்தே தனிச் சட்டம். பொதுவாக ஒரு கையெழுத்துப் போட்டு எல்லாவற்றையும் விடுவிப்பது அங்கே போதாது. ஹெச்.ஐ.வி. தகவலுக்கென்று குறிப்பிட்டுச் சம்மதம் வேண்டும்.

உங்கள் மாநிலம் என்ன சொல்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. முதல் தடவை போகும்போது தனியுரிமை அறிவிப்பு என்று சில பக்கங்கள் நீட்டுவார்களே, படிக்காமல் கையெழுத்துப் போடுவோமே, அதை எடுத்துப் பாருங்கள். மாநிலச் சட்டம் கடுமையாக இருந்தால் அதையும் அந்த அறிவிப்பு காட்ட வேண்டும் என்று ஹிப்பாவே சொல்கிறது.

என் சொந்தப் பதிவை நான் கேட்டால் எத்தனை நாளில் தர வேண்டும்? எவ்வளவு வாங்கலாம்?

ஹிப்பாப்படி 30 நாள். காரணத்தை எழுத்தில் சொல்லி ஒரே ஒரு தடவை இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். டெக்சாஸில் மின்னணுப் பதிவு வைத்திருக்கும் மருத்துவர், நீங்கள் எழுத்தில் கேட்ட 15 வேலை நாளுக்குள் தர வேண்டும். கலிஃபோர்னியாவில் 5 வேலை நாளுக்குள் நேரில் பார்க்க விட வேண்டும், நகல் என்றால் 15 நாள். இந்த மாநிலங்களில் "ஹிப்பாவில் 30 நாள் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அது தவறு. நோயாளிக்குச் சீக்கிரம் கிடைக்கும் கெடுதான் செல்லும்.

கட்டணமும் அப்படியே. நகலெடுக்கும் உழைப்பு, தாள், தபால் ஆகியவற்றுக்கான நியாயமான செலவை மட்டுமே வாங்கலாம் என்பது ஹிப்பா. தேடி எடுத்ததற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. நியூயார்க்கில் பக்கத்துக்கு அதிகபட்சம் 75 சென்ட். மாநிலம் 75 சென்ட் அனுமதிக்கிறது என்பதற்காக, கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி அனுப்பும் ஆயிரம் பக்கக் கோப்புக்கு 750 டாலர் கேட்க முடியாது. உண்மைச் செலவு குறைவென்றால் அந்தக் குறைவான தொகைதான். ஆனால் கேட்பது நீங்களாக இருக்க வேண்டும். உங்கள் வக்கீலுக்கு அனுப்பச் சொன்னால் ஹிப்பாவின் இந்தக் கட்டண வரம்பு பொருந்தாது என்று 2020-இல் தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்துவிட்டது. அதனால் முதலில் உங்கள் பெயரில் வாங்கி, பிறகு நீங்களே கொடுப்பது நல்லது.

என் கணவரின் பழைய ஸ்கேன் படங்களைக் கேட்டு ஒரு மையத்துக்குப் போனபோது, அவர் பக்கத்திலேயே நிற்கிறார், "ஹிப்பா இருப்பதால் தர முடியாது" என்றார்கள். நோயாளிக்கே கொடுக்காமல் இருக்க ஹிப்பாவைக் காட்டுவது எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் குறைவு, பயிற்சி கொடுக்காத நிர்வாகத்தின் மேல்தான் அதிகம். "எழுத்தில் மறுப்புக் கொடுங்கள்" என்று அமைதியாகக் கேட்டோம். அரை மணி நேரத்தில் படங்கள் வந்தன. நீங்களும் அதையே கேளுங்கள்.

என் 15 வயது மகளின் பதிவை டாக்டர் எனக்குக் காட்ட மறுக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோரின் முகத்தில் பயம் இருக்கும். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பொதுவாகப் பிள்ளையின் பதிவுக்குப் பெற்றோர்தான் பிரதிநிதி. ஆனால் பிள்ளை தானே சம்மதம் கொடுத்துச் சிகிச்சை பெற மாநிலச் சட்டம் இடம் கொடுத்து, அப்படியே அவள் பெற்றிருந்தால், அந்தச் சிகிச்சை பற்றிய பதிவு அவள் கையில். இங்கே ஹிப்பா தானாக எதையும் முடிவு செய்வதில்லை. பெற்றோருக்குக் காட்டலாம் என்று மாநிலச் சட்டம் சொன்னால் காட்டலாம். கூடாது என்றால் கூடாது. மாநிலச் சட்டம் வாய் திறக்காவிட்டால் மருத்துவர் தன் தொழில் அறிவுப்படி முடிவெடுக்கலாம்.

கலிஃபோர்னியாவில் 12 வயது நிரம்பிய, போதிய பக்குவமுள்ள பிள்ளை மனநல ஆலோசனைக்குத் தானே சம்மதிக்கலாம். பாலுறவால் பரவும் நோய்க்கான சிகிச்சைக்கும் அதே வயதுதான். இல்லினாயில் 12 முதல் 17 வயதுள்ள பிள்ளையின் மனநலப் பதிவைப் பெற்றோர் பார்க்கலாம், ஆனால் பிள்ளைக்குத் தெரியப்படுத்தி, அவள் மறுப்புச் சொல்லாதபோது, அல்லது மறுக்க வலுவான காரணம் இல்லை என்று சிகிச்சையாளர் கருதும்போது. சளி, காய்ச்சல், கை முறிவு போன்றவற்றுக்கு இதெல்லாம் பொருந்தாது, வழக்கம்போல் பார்க்கலாம்.

என் கருத்தைக் கேட்டால், டாக்டரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். மகளிடம் பேசுங்கள். அவளே கையெழுத்துப் போட்டால் எந்தச் சட்டமும் குறுக்கே வராது.

மகன் அங்கே யூனிவர்சிட்டியில் படிக்கிறான். சென்னையிலிருந்து நாங்கள் அழைத்தால் டாக்டர் பேசுவாரா?

பெரும்பாலான மாநிலங்களில் 18 முடிந்துவிட்டால் அவன் வயது வந்தவன். கட்டணம் நீங்கள் கட்டினாலும் பதிவு அவனுடையது. பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் மாணவர் கிளினிக்கின் பதிவு பெரும்பாலும் ஹிப்பாவுக்குள்ளேயே வராது. அது 1974-இல் வந்த கல்விப் பதிவுச் சட்டத்தின் கீழ் வரும். மருத்துவரின் ரகசியம் பற்றிய மாநிலச் சட்டம் அங்கும் உண்டு. வெளியே உள்ள மருத்துவமனைக்குப் போனால் ஹிப்பா.

விமானம் ஏறும் முன்பே மகனிடம் இரண்டு தாள்களைப் பற்றிப் பேசிவிடுங்கள். ஒன்று, தகவல் தர அனுமதிக்கும் ஒப்புதல். இன்னொன்று, அவன் நினைவிழந்தால் அவனுக்காக முடிவெடுப்பவரை நியமிக்கும் பத்திரம். இந்தப் பத்திரத்தின் வடிவமும் சாட்சி விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அவன் படிக்கும் மாநிலத்தின் படிவத்தையே பயன்படுத்துங்கள்.

போலீஸ் கேட்டால்? கருக்கலைப்பு விஷயத்தில் இப்போது நிலைமை என்ன?

நீதிமன்ற உத்தரவு, சம்மன் போன்றவை வந்தால், விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தகவல் கொடுக்கலாம் என்று ஹிப்பா அனுமதிக்கிறது. "கொடுக்கலாம்" என்பதைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா? 2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை மாநிலங்களின் கையில் விட்ட பிறகு, அந்த ஒரு சொல் பல பெண்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினையாகிவிட்டது.

சட்டப்படி பெற்ற கருவுறுதல், கருக்கலைப்புச் சிகிச்சைக்காக ஒருவரை விசாரிக்கப் பதிவுகளைக் கொடுக்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் ஃபெடரல் சுகாதாரத் துறை விதியைத் திருத்தியது. அந்தத் திருத்தத்தின் பெரும்பகுதியை 2025 ஜூன் 18 அன்று டெக்சாஸில் உள்ள ஃபெடரல் நீதிமன்றம் ஒன்று நாடு முழுவதற்குமாக ரத்து செய்தது. இப்போது தடுப்பு என்று இருப்பது மாநிலச் சட்டம்தான். கலிஃபோர்னியா 2023-இல் இயற்றிய சட்டம், இத்தகைய பதிவுகளை மின்னணு அமைப்பில் தனியாகப் பிரித்து வைக்கவும், வெளிமாநிலத்துக்குத் தானாகப் போகாமல் தடுக்கவும் சொல்கிறது. அப்படிச் சட்டம் இல்லாத மாநிலத்தில் ஹிப்பாவின் "கொடுக்கலாம்" மட்டுமே மிஞ்சுகிறது. ஒரே நாட்டில், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மருத்துவக் குறிப்புக்கு இவ்வளவு வேறுபாடு இருப்பது சரியில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

போதைப் பழக்கச் சிகிச்சைப் பதிவுகள்?

இவற்றுக்கு ஹிப்பாவைவிடக் கடுமையான ஃபெடரல் விதி 1970களிலிருந்தே தனியாக உண்டு. நோயாளியின் சம்மதமோ தனி நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் அவருக்கு எதிராக வழக்கில் இவற்றைப் பயன்படுத்த முடியாது. 2020-இல் வந்த சட்டமும் 2024 விதியும் இதை ஹிப்பாவோடு ஓரளவு இணக்கமாக்கின. நிறுவனங்கள் அதற்கு மாறுவதற்கான கெடு 2026 பிப்ரவரி 16. மாநிலம் இன்னும் கடுமையாக இருந்தால் அதுவும் சேர்ந்து நிற்கும்.

காசநோய் என்று தெரிந்ததும் கவுண்டி (மாவட்ட) சுகாதாரத் துறைக்குச் சொல்லிவிட்டார்கள். ஹிப்பா மீறல்தானே?

இல்லை. தொற்றுநோய், குழந்தைக் கொடுமை, பிறப்பு, இறப்பு ஆகியவற்றை அரசுக்கு அறிவிக்கச் சொல்லும் மாநிலச் சட்டங்களுக்கு ஹிப்பா வழிவிடுகிறது. இதற்கென்றே தனி விலக்கு இருக்கிறது.

ஆஃபீஸில் என் நோயைப் பற்றிப் பேசிவிட்டார்கள். ஃபோனில் உள்ள ஆப் என் தகவலை விற்றுவிட்டது. இதெல்லாம்?

மேலாளர் என்ற முறையில் உங்கள் முதலாளி ஹிப்பாவுக்குள் வருவதில்லை. மாற்றுத்திறனாளிகள் சட்டம், மாநில வேலைவாய்ப்புச் சட்டம் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். நடை, தூக்கம், மாதவிடாய் கணக்கிடும் செயலிகளும் பெரும்பாலும் வெளியேதான். அங்கே ஃபெடரல் வணிக ஆணையம் நடவடிக்கை எடுக்கும். மருந்துத் தள்ளுபடிச் செயலியான குட்ஆர்எக்ஸ் பயனாளர் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023-இல் 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இந்த ஓட்டையை அடைக்க மாநிலங்கள் இறங்கியிருக்கின்றன. வாஷிங்டன் மாநிலம் 2023-இல் இயற்றிய சட்டம் ஹிப்பாவுக்கு வெளியே இருக்கும் நலத் தகவலைக் குறிவைத்தது. விற்கத் தனியாக எழுத்துச் சம்மதம் வேண்டும். மருத்துவமனையைச் சுற்றி 2,000 அடிக்குள் மெய்நிகர் வேலி போட்டு, வருகிறவர்களின் ஃபோனை அடையாளம் கண்டு விளம்பரம் அனுப்புவதையும் தடுக்கிறது. பாதிக்கப்பட்டவர் தாமே வழக்குப் போடவும் வழி இருக்கிறது. நெவாடாவிலும் இதே போன்ற சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தது.

ஹிப்பாவை மீறியதற்கு நான் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

ஹிப்பாவின் பெயரில் முடியாது. தனிமனிதருக்கு அந்த உரிமையை அது கொடுக்கவில்லை. ஆனால் மாநிலச் சட்டத்தின் கீழ் முடியும். நோயாளிக்குத் தெரிவிக்காமல் சம்மனுக்குப் பதிவுகளை அனுப்பிய ஒரு கிளினிக்கைப் பற்றிய வழக்கில் கனெக்டிகட் உச்ச நீதிமன்றம், மாநிலச் சட்டப்படி கவனக்குறைவு வழக்குத் தொடர ஹிப்பா தடையில்லை என்று 2014-இல் சொன்னது. எவ்வளவு கவனமாக இருந்திருக்க வேண்டும் என்பதற்கு ஹிப்பாவையே அளவுகோலாகக் காட்டலாம் என்றும் சொன்னது. கலிஃபோர்னியாவில் கவனக்குறைவால் தகவல் வெளியேறினால், உண்மையான நஷ்டத்தை நிரூபிக்காமலேயே நோயாளி 1,000 டாலர் கேட்கலாம்.

மாநில அட்டர்னி ஜெனரல்களுக்கும் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்கள்) 2009 முதல் ஹிப்பாவின் கீழ் வழக்குத் தொடர அதிகாரம் உண்டு. 2010-இல் அதை முதலில் பயன்படுத்தியதும் கனெக்டிகட்தான்.

எத்தனை ஆண்டு பதிவை வைத்திருப்பார்கள்?

மருத்துவப் பதிவுக்கு ஹிப்பா கால அளவு எதுவும் சொல்லவில்லை. எல்லாம் மாநிலம்தான். நியூயார்க்கில் பெரியவர்களுக்கு 6 ஆண்டு, டெக்சாஸ் மருத்துவர்களுக்குக் கடைசிச் சிகிச்சையிலிருந்து 7 ஆண்டு. ஊர் மாறும்போதே நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

புகார் எங்கே கொடுப்பது?

ஃபெடரல் சுகாதாரத் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில், விஷயம் தெரிந்த 180 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இணையத்திலேயே கொடுக்கலாம், கட்டணம் இல்லை. கூடவே மாநில அட்டர்னி ஜெனரலுக்கும், மருத்துவரின் தவறென்றால் மாநில மருத்துவ வாரியத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, யாரிடம் பேசினீர்கள் என்று எளிய வாக்கியங்களில் எழுதினால் போதும். சட்டப் பிரிவு எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. புகார் கொடுத்ததற்காக அந்த மருத்துவமனை உங்களைப் பழிவாங்கினால், அதுவே தனி விதிமீறல்.